பாட்டுக்குத் தனி ஆம்ப்ளிஃபையர்

படம் பார்க்க வாங்கிய ஹோம் தியேட்டர் ரிசீவரில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) போட்டால் வயலின் மங்கலாகக் கேட்கிறதா? முதலில் 'ப்யூர் டைரக்ட்' பொத்தானை அழுத்துங்கள். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள். ஜொகூரின் ஸ்கூடாய், மாசாய் பக்கத்து வரிசை வீடுகளின் குறுகிய ஹாலில் இதுவே பெரிய வித்தியாசம் காட்டும், செலவும் இல்லை.

போதவில்லையா? ரிசீவரின் பின்னால் 'ப்ரீ அவுட்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தனி ஆம்ப்ளிஃபையர் வாங்கக் கடைக்குப் போங்கள். விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் இருக்காது. முன் இடது, வலது ப்ரீ அவுட்டிலிருந்து ஆர்சிஏ வயர் புது ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் இனி அதில் மட்டும். ஒரே ஸ்பீக்கரை இரண்டிலும் மாட்டினால் ஆம்ப்ளிஃபையர் எரியக்கூடும். 'ஹோம் தியேட்டர் பைபாஸ்' (படம் ஓடும்போது ஒலி அளவை ரிசீவரிடமே விடும் வசதி) உள்ள இன்டகிரேட்டட் வகையே என் தேர்வு: சிடி பிளேயரை நேரே அதில் மாட்டினால், பாட்டு நேரத்தில் ரிசீவர் தூங்கட்டும்.

வாட்ஸ் எண்ணில் மயங்க வேண்டாம். இரு மடங்கு வாட்ஸ் கூட்டுவது 3 டெசிபல்தான்.

சிங்கப்பூரில் பயன்படுத்திய பழைய ஆம்ப்ளிஃபையர் இங்கும் ஓடும். அங்கும் 230 வோல்ட். ஜப்பானின் 100 வோல்ட் பெட்டியை நேரே செருகினால் போச்சு. இணைத்தபின் 'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் ஆஸ்ட்ரோ டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கின் எர்த்தை மட்டும் துண்டிக்காதீர்கள். ஆம்ப்ளிஃபையரைக் கடைசியில் போட்டு, முதலில் அணையுங்கள்.