உலகத்தைக் கேட்கும் காதுகள்



வள்ளுவர் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். ‘ஒற்றாடல்’ என்று இன்னோர் அதிகாரமும் வைத்தார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தொழில் இருக்கிறது. அதுதான் வெளிநாட்டு வானொலிக் கண்காணிப்பு. இதில் பூட்டை உடைப்பது கிடையாது, கடிதத்தைத் திருடுவது கிடையாது. ஒரு நாடு ஊரறிய ஒலிபரப்புவதை இரவு பகலாகக் கேட்டு, எழுதி, மொழிபெயர்த்து அனுப்புவதுதான் வேலை. ‘ரோம்பிக் ஆன்டெனா’ என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோமே, அது எங்கேதான் பயன்பட்டது என்று நான் தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தோன்றிய கதை

இரண்டாம் உலகப்போர் மூண்ட 1939-ல் இங்கிலாந்தில் பி.பி.சி. இந்த வேலையைத் தொடங்கியது. இடம் ஈவ்ஷாம் அருகே உட் நார்ட்டன் என்ற மாளிகை. கேட்ட பேச்சை முதலில் மெழுகு உருளைகளில் பதிவு செய்தார்கள். 1943-ல் நிலையம் ரெடிங் நகரை ஒட்டிய காவர்ஷாம் பார்க்குக்கு மாறியது. அமெரிக்கா 1941 பிப்ரவரியில் இதற்கென்று ஒரு பிரிவை அமைத்தது. அது பிறகு எப்.பி.ஐ.எஸ். என்று பெயர் பெற்று, 1947-ல் சி.ஐ.ஏ.வின் கீழ் வந்தது. 2005-ல் வேறு அமைப்பாக மாற்றப்பட்டது.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். 1962 அக்டோபர் 28-ஐ எடுத்துக்கொள்வோம். கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகமே அணுகுண்டுப் போருக்குப் பயந்து நடுங்கியது. ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாகக் குருசேவ் எழுதிய பதில், தூதரக வழியில் போனால் மணிக்கணக்கில் தாமதமாகும் என்று மாஸ்கோ வானொலியிலேயே வாசிக்கப்பட்டது. கண்காணிப்பு நிலையங்கள் அதைப் பிடித்து உடனே மொழிபெயர்த்தன. அந்த நேரம் பார்த்து ஒரு ரிசீவர் பழுதாகிக் கிடந்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஏன் வெளிநாட்டில் போய் உட்கார வேண்டும்?

நல்ல கேள்வி. சிற்றலை அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஆனால் ஒரு நாடு தன் சொந்த மக்களுக்குப் பேசுவது பெரும்பாலும் மத்திய அலையில். பகலில் அந்த அலையை அயனிமண்டலத்தின் டி அடுக்கு விழுங்கிவிடும். தரையோடு போகும் அலை மட்டும்தான் மிஞ்சும், அதுவும் கொஞ்ச தூரம்தான். ஆகவே பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டும். அதனால்தான் மத்திய கிழக்கைக் கேட்க சைப்ரஸ் தீவின் கிரேனியா பக்கமும், கிழக்காசியாவைக் கேட்க ஒகினாவா தீவிலும் எப்.பி.ஐ.எஸ். நிலையங்கள் வைத்தது. பக்கத்தில் இருப்பதில் ஆபத்தும் உண்டு. 1974 ஜூலையில் துருக்கிப் படை கிரேனியா கரையில் இறங்கியபோது அந்த நிலையத்தை விட்டுவிட்டு ஆட்கள் கிளம்ப வேண்டியதாயிற்று.

ஆள் எத்தனை வேண்டும்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு மேஜையில் 24 மணி நேரமும் ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டி இருக்க வேண்டும்.

வாரத்துக்கு மணி நேரம்: 24 × 7 = 168
ஒருவர் வேலை நேரம்: 42
தேவையான ஆள்: 168 ÷ 42 = 4

விடுப்பு, காய்ச்சல், வீட்டு விசேஷம் எல்லாம் சேர்த்தால் 5 பேர். ஒரே ஒரு நாற்காலிக்கு 5 பேர்! பத்து நாற்காலி என்றால் 50 பேர். இது கேட்பவர்கள் மட்டும். எது முக்கியம் என்று பிரிக்கும் ஆசிரியர்கள், டெலிபிரிண்டர் ஆட்கள், டெக்னீஷியன்கள், ஜெனரேட்டர் மெக்கானிக், காவலர் எல்லாரும் தனி.

கேட்பவருக்கு மொழி தாய்ப்பால் மாதிரி ஊறியிருக்க வேண்டும். போர்க்காலத்தில் பி.பி.சி.க்கு இந்த வேலை பார்த்தவர்களில் பலர் ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்த அகதிகள். பின்னாளில் கலை வரலாற்று அறிஞராகப் புகழ்பெற்ற கோம்பிரிச் அவர்களில் ஒருவர். 1945-ல் ஜெர்மன் வானொலி முக்கியச் செய்தி வரப்போவதாகச் சொல்லி, புரூக்னர் என்ற இசைமேதையின் சோக இசையைப் போட்டது. வாக்னர் மறைவையொட்டி எழுதிய இசை அது என்று தெரிந்திருந்ததால், ஹிட்லர் செத்துவிட்டான் என்று செய்தி வருமுன்பே அவர் ஊகித்தார். மொழி தெரிந்தால் போதாது, அந்த மண்ணும் தெரியணும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பராமரிப்பு: நம்ம ஆட்கள் வேலை

1. இடம்: உயரழுத்த மின்கம்பி, தொழிற்சாலை, மோட்டார் எதுவும் அருகில் ஆகாது. இரைச்சல் குறைந்தால்தான் மெல்லிய சிக்னல் காதில் விழும். அதனால் காவர்ஷாமின் ஆன்டெனாக்கள் சில மைல் தள்ளி கிரௌஸ்லி பார்க் என்ற திறந்த வெளியில் இருந்தன.

2. அலைநீளம்: 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வரும். 15 மெகாஹெர்ட்ஸ் என்றால் 20 மீட்டர். 6 என்றால் 50 மீட்டர். பொதுவாகப் பகலில் உயர்ந்த அலைவரிசை, இரவில் தாழ்ந்தது. ஷிப்ட் மாறும்போது ஆன்டெனாவையும் மாற்ற வேண்டிவரும்.

3. ரோம்பிக்: நான்கு கம்பங்களில் சாய்சதுரமாகக் கட்டிய கம்பி. ஒரு முனையில் ரிசீவர், எதிர்முனையில் மின்தடை. இடி விழுந்து அந்த மின்தடை கருகினால் ரிசீவரில் பழுதே தெரியாது. ஆனால் பின்பக்கத்து நிலையங்களும் சேர்ந்து இரையும். ஏனென்றால் ஆன்டெனா இப்போது இருபுறமும் கேட்கிறது. ரிசீவரைப் பிரிப்பதற்கு முன்னால் கம்பத்துக்கு நடந்து போங்கள்!

4. மங்கல்: சிக்னல் கூடிக் குறைவது சிற்றலையின் குணம். தள்ளித் தள்ளி இரண்டு ஆன்டெனா போட்டால் இரண்டும் ஒரே நொடியில் மங்குவது அபூர்வம். எது பலமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

5. கடற்காற்று: தீவு நிலையங்களில் உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். துருப்பிடித்த இணைப்பே டயோடு மாதிரி நடந்து, இல்லாத நிலையங்களை உண்டாக்கிக் காட்டும். சுத்தம் செய்வது, எர்த் அளப்பது, இடிதாங்கி பார்ப்பது எல்லாம் அட்டவணைப்படி நடக்கணும்.

6. மின்சாரம்: கரண்ட் போனால் உலகச் செய்தி காத்திருக்காது. பேட்டரி தாங்க வேண்டும், ஜெனரேட்டர் உடனே எடுக்க வேண்டும். இதை எனக்குப் புத்தகம் சொல்வதற்கு முன்பே எங்க அப்பா சொல்லியிருக்கிறார். அவர் ஒரு செல்போன் டவரில் இரவு வாட்ச்மேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். “டீசல் எத்தனை விரல் இருக்குன்னு பார்க்காம தூங்கினா, விடியறதுக்குள்ள ஊரே ஊமையாயிடும்டா” என்பார். பராமரிப்புப் பாடம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

நமக்கு என்ன?

காவர்ஷாம் பார்க்கை விட்டு பி.பி.சி. 2018-ல் வெளியேறியது. கேட்கும் வேலை நின்றுவிடவில்லை. செயற்கைக்கோளுக்கும் இணையத்துக்கும் மாறியிருக்கிறது. கருவி மாறும், கணக்கு மாறாது. ஒரு நாற்காலிக்கு இன்றும் 5 பேர்தான்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். “டிப்ளமோ படிச்சு என்னத்த கிழிக்கப் போறே, ஸ்குரூ திருகத்தானே?” என்று சொந்தக்காரர்கள் கேட்டதுண்டு. உங்களில் பலரும் இதைக் கேட்டிருப்பீர்கள். கோம்பிரிச் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அந்த இரவில் ரிசீவரைச் சரியாக வைத்திருந்த டெக்னீஷியன் பெயரை நான் படித்த எந்தப் பக்கத்திலும் காணோம். ஆனால் அவர் ஸ்குரூவைச் சரியாகத் திருகியிராவிட்டால் கோம்பிரிச் காதில் இசை விழுந்திருக்காது. பெயர் வராத வேலை வேறு, பயன் இல்லாத வேலை வேறு. எந்த லேப் வகுப்பிலும் இதை மறக்காதீர்கள் நண்பர்களே!

— மூன்றாமாண்டு, மின்னணு மற்றும் தகவல் தொடர்பியல் பிரிவு