ஓட்டுக்கு ஒரு மில்லிமீட்டர்

லேசர் வெட்டுக்கு இங்க்ஸ்கேப்பில் வரைகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் ஸ்னாப் பட்டியல் அல்ல. எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் டூல்ஸ். அங்கே பவுண்டிங் பாக்ஸ் (உருவத்தைச் சுற்றி நிற்கும் அளவுப் பெட்டி) என்று போட்டு விஷுவல், ஜியோமெட்ரிக் என இரண்டு தேர்வுகள் இருக்கும். மென்பொருளை நிறுவியதும் விஷுவல்தான் தேர்வாகியிருக்கும். வெட்டு வேலை செய்கிறவர் அதை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாத ஒருவரின் கோப்பால் என் வேலைக்குக் கெட்ட பெயர் வந்தது.

மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேடைக்குச் சிக்குக் கோலப் பலகை கேட்டிருந்தார்கள். எம்.டி.எஃப். பலகையில் 150 மி.மீ. சதுர ஓடுகளாக வெட்டி, வரிசைக்கு 8 வீதம் 1200 மி.மீ. சட்டத்துக்குள் அடுக்க வேண்டும். சதுரங்களை வரைந்து அடுக்கிக் கொடுத்தது உள் அலங்கார வேலை எடுத்த நிறுவனத்தின் ஆள். அவற்றின் மேல் கோலத்தை என்கிரேவிங்குக்கு வரைந்தது நான். வெட்டி அடுக்கிப் பார்த்தால் ஒவ்வொரு வரிசையிலும் 8 மி.மீ. இடம் காலி.

“தம்பி, இலவச சாஃப்ட்வேர்ல வரைஞ்சா இப்படித்தான் இருக்கும்” என்றார் லேசர் கடைக்காரர். நிறுவனத்து ஆளோ, லேசர் பலகையைத் தின்றுவிட்டது என்றார்.

இரண்டுமே தவறு. லேசர் எரித்து எடுக்கும் அகலம் இந்தப் பலகையில் பொதுவாகக் கால் மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கே குறைந்தது ஓட்டுக்குச் சரியாக 1 மி.மீ. கோப்பில் கோட்டின் தடிமனும் 1 மி.மீ. விஷுவல் முறையில் மென்பொருள் கோட்டின் வெளி ஓரம் வரை அளக்கும். தடிமனில் பாதி பாதையின் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அகலக் கட்டத்தில் 150 என்று அடித்தால் பாதைக்குக் கிடைப்பது 149தான். லேசருக்குத் தடிமன் ஒரு பொருட்டே இல்லை, அது பாதையின் மேல்தான் ஓடும். அந்தச் சதுரங்களைப் பெட்டிக்குப் பெட்டி ஸ்னாப் செய்து ஒட்டியபோது இரண்டு கோடுகள் அருகருகே நின்று ஒரே தடித்த கோடாகத் தெரிந்தன. நடுவே 1 மி.மீ. சில்லு வெட்டுப்பட்டு விழும் என்று திரையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

போஸ்டர், லோகோ செய்கிறவர்களுக்கு விஷுவல்தான் பொருத்தம். கண்ணுக்குத் தெரியும் ஓரம்தான் அவர்களுக்கு ஓரம். ஆகவே மென்பொருளைத் திட்டுவதில் நியாயமில்லை. இல்லஸ்ட்ரேட்டரிலும் ‘யூஸ் ப்ரிவ்யூ பவுண்ட்ஸ்’ என்று இதே தேர்வு உண்டு; அங்கே அது இயல்பில் அணைந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளிலும் அதை யாராவது தட்டிவிட்டால் இதே கதிதான்.

என் கோலத்தில் ஒரு வளைவுகூடப் பிசகவில்லை. அளவு குறைந்த அந்த ஓடுகளிலும் ஓர் ஓட்டின் சிக்கு அடுத்ததில் சரியாகத் தொடர்ந்தது. காரணம், நான் பெட்டி ஸ்னாப்பை அணைத்துவிட்டு நோடுகளையும் பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் மட்டுமே பிடித்தேன். நோடு என்பது பாதையின் மேல் இருக்கும் புள்ளி, தடிமன் அதைத் தொடாது. வெட்டு வேலைக்கு இதைவிட நம்பகமான வழியை நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் கோப்பைத் திறந்து காட்டியும், மறுபடி வெட்டிய பலகைக்கான பணத்தை என் கூலியில்தான் பிடித்தார்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். எதுவுமே ஒட்டவில்லையென்றால் சதவீதக் குறி விசையைத் தட்டுங்கள், ஸ்னாப் அணைந்திருக்கும். வேண்டாத இடத்தில் ஒட்டினால் பெரிதாக்கிப் பாருங்கள். ஒட்டும் தூரம் திரையின் பிக்சலில் கணக்காகிறது, தள்ளி நின்று பார்க்கும்போது அது பல மில்லிமீட்டர் ஆகிவிடும். இழுக்கும்போது ஷிஃப்டை அழுத்தினால் ஸ்னாப் வேலை செய்யாது. இடுக்குப் புள்ளிக் கோலத்துக்குச் சதுரக் கட்டம் உதவாது, ஆக்ஸனோமெட்ரிக் கட்டத்தைப் போடுங்கள். 2017-க்கு முந்தைய கோப்பு என்றால் கவனம்: 0.92 பதிப்பில் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்ற கணக்கு 96 ஆனது. திறக்கும்போது வரும் கேள்விக்குத் தவறான பதிலைச் சொன்னால் 100 மி.மீ. என்பது 93.75 ஆகச் சுருங்கிவிடும்.

உங்களுக்கும் யாரோ வரைந்த கோப்பின் மேல்தான் வேலை வரும். திறந்ததும் ஜியோமெட்ரிக்குக்கு மாற்றி, ஒரு சதுரத்தைச் சொடுக்கி அகலத்தைப் படியுங்கள். 150 இருக்க வேண்டிய இடத்தில் 149 இருந்தால் அதைப் படமெடுத்து அனுப்பிய ஆளுக்கே திருப்புங்கள். நீங்களாகத் திருத்தாதீர்கள்; திருத்தினால் அடுத்த பிழையும் உங்கள் தலையில்தான் விழும். நான் இப்போது அளவு சரி என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் பதில் வந்த பிறகே முதல் புள்ளியை வைக்கிறேன்.