பாலையிற் பனிக்களம்

ஹாக்கி என்றவுடன் நம் மாணவர்க்கு நினைவில் எழுவன வெயில் காயும் மைதானமும், வளைந்த கோலும், வெண்ணிறப் பந்துமே. வட அமெரிக்கர் அச்சொல்லாற் பெரிதும் குறிப்பது, உறைபனித் தரையின்மீது சறுக்குப் பாதுகை அணிந்து ஆடும் வேறோர் ஆட்டத்தையாகும். அவ்வாட்டத்தின் விதிகளை விரித்தல் எம் நோக்கமன்று. ஓர் ஊரார் தம் பொதுப்பணத்தைக் கொண்டு அரங்கொன்று எழுப்ப, அதில் ஆடிய குழு ஒருநாள் வேற்றூர்க்குப் பெயர்ந்து போமாயின் அக்கடனும் கட்டடமும் என்னாகும் என்பதே யாம் ஆராயப் புகுந்த பொருள். அரிசோனா மாநிலத்துக் கயோட்டீஸ் குழுவின் வரலாற்றினும் சிறந்த சான்று இதற்குக் கிடைத்தலரிது. பாலை நிலத்துக்குப் பிரிவே உரிப்பொருள் என்று இலக்கணத்திற் பயில்கின்றோம். அரிசோனாவும் பாலையே, அங்கு நிகழ்ந்ததும் பிரிவே.

முதற்கண் ஒன்றை உணர்தல் வேண்டும். நம் கல்லூரிக் குழு தோற்பினும் வெல்லினும் நம்முடையதே. அதனை விற்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. அமெரிக்கத் தொழிற்குழுவோ தனியொருவரின் உடைமை. பெயர் மட்டும் ஊருடையது. ஆட்டக்காரரின் ஒப்பந்தமும், சீட்டு விற்பனை வருவாயும், குழுவை விற்கும் உரிமையும் உடையவரைச் சேர்ந்தன. தேசிய ஹாக்கி லீக் என்னும் கூட்டவையில் இன்று உள்ள குழுக்கள் 32. குழு வேண்டி நிற்கும் நகரங்களோ அவ்வெண்ணிக்கையினும் மிகுதி. இக்குறைவே உடையவர் கைப்படையாகும். "அரங்கு தருக; அன்றேல் தருவார்பாற் செல்வோம்" என்று வாய்விட்டுக் கூறவும் வேண்டுவதில்லை; கேட்போர் தாமே அறிந்துகொள்வர்.

இக்குழு தோன்றியது பாலையில் அன்று. கனடா தேசத்து மானிடோபா மாகாணத்தில், குளிருக்குப் பேர்பெற்ற வின்னிபெக் நகரில். 1972-இல் ஜெட்ஸ் என்னும் பெயருடன் வேறொரு கூட்டவையிற் பிறந்து, 1979-இல் தேசிய லீகினுட் புகுந்தது. நாளடைவில் ஆட்டக்காரர் ஊதியம் உயர்ந்தது. அவ்வூதியம் அமெரிக்க டாலரிற் கொடுபட, சீட்டு விற்ற பணம் கனடிய டாலரில் வந்தது. 1990-களின் இடையில் கனடிய டாலரின் மதிப்பு அமெரிக்க டாலரில் முக்காற்பங்களவாக இறங்கிற்று. அரங்கும் பழமையுற்றது. குழுவை இருத்திக்கொள்ள ஊரார் பணம் திரட்டினர், பெருங்கூட்டங்கள் கூடினர். போதவில்லை. 1996-ஆம் ஆண்டு வெள்ளாடை அணிந்த பார்வையாளர் நிறைந்த அரங்கில் இறுதியாட்டம் ஆடி, குழு பீனிக்ஸ் நகர் சென்றது.

பீனிக்ஸ் நகரில் இக்குழுவிற்கு அமைந்த அரங்கு கூடைப்பந்துக்கென எழுப்பியது. கூடைப்பந்துக் களத்தினும் ஹாக்கிக் களம் மிக நீண்டது. ஆகவே மேல்மாடத்தின் ஒரு பகுதியில் இருந்தோர்க்கு ஒரு பக்கத்துக் கோலே புலப்படவில்லை! சீட்டு வாங்கியும் கோல் காணாதார் மீண்டும் வருவரோ? தனியரங்கு வேண்டுமென்னும் கோரிக்கை எழுந்தது. பீனிக்ஸுக்கு வடமேற்கே உள்ள கிளெண்டேல் என்னும் நகரம், இரண்டிலட்சத்துச் சொச்சம் மக்களை உடையது, அதற்கு இசைந்தது. ஏறத்தாழ 22 கோடி டாலர் செலவில் எழுந்த அவ்வரங்கிற்கு நகரசபை 18 கோடி அளவில் ஈந்தது. 2003 டிசம்பரில் அது திறக்கப்பெற்றது. அரங்கைச் சூழக் கடைகளும் விடுதிகளும் பெருகும், அவற்றின் விற்பனை வரியே கடனைத் தீர்க்கும் என்பது நகரசபையார் கணக்கு. சீட்டு வாங்குவோரிற் பலர் பள்ளத்தாக்கின் கிழக்குக் கோடியில் வாழ்ந்தனர் என்பதும், மாலைப் போக்குவரத்து நெரிசலில் அவர் நெடுந்தொலைவு வரவேண்டும் என்பதும் அக்கணக்கிற் போதிய இடம்பெற்றனவாகத் தோன்றவில்லை.

2009 மே மாதம் குழுவின் உடையவர் நொடிப்பு மன்றத்தை அடைந்தார். கனடியச் செல்வர் ஜிம் பால்சிலி என்பார் 21¼ கோடி டாலர் தந்து, குழுவை ஹாமில்டன் நகருக்குக் கொண்டுசெல்ல முன்வந்தார். லீக் அதனை எதிர்த்தது. குழுவை யார் நடத்துவது, எவ்வூரில் நடத்துவது என்பன தான் முடிவு செய்யற்பாலன என வாதிட்டு, ஈற்றில் 14 கோடி டாலருக்குக் குழுவைத் தானே வாங்கிற்று. அதன் பின்னர் நிகழ்ந்தது வியப்புக்குரியது. குழு பெயராதிருத்தற்பொருட்டு, அரங்கை நடத்தும் செலவென்னும் பெயரால், கிளெண்டேல் நகரம் ஆண்டொன்றுக்கு 2½ கோடி டாலர் வீதம் இரண்டு ஆண்டு அந்த லீகிற்கே கொடுத்தது. அரங்கு கட்டிய கடன் ஒருபுறம் நிற்க, அரங்கில் ஆடுவதற்கும் வாடகைக்குடியிருப்பவர்க்கு வீட்டுக்காரர் பணங்கொடுத்த கதையாயிற்று.

நகரசபையார் அறிவிலர் என்று நகைத்தல் எளிது. யாம் அவ்வாறு கருதவில்லை. அவர் நின்ற நிலையை நோக்குக. குழு பெயர்ந்துபோகக் கூடியது, கட்டடம் பெயராதது. கட்டடம் எழுவதற்கு முன்னே நகரத்தின் கையில் ஒரு வலிமை இருந்தது: "கொடோம்" என்று சொல்லும் வலிமை. கல்லும் இரும்பும் நிலத்தில் ஊன்றியபின் அவ்வலிமை குழுவின் பக்கம் சென்றுவிட்டது. வெற்றரங்கை வைத்துக் கடனும் வட்டியும் கட்டுவதினும், மேலும் சிறிது கொடுத்துக் குழுவை நிறுத்துதல் ஒவ்வோராண்டும் சிக்கனமாகவே தோன்றும். ஒவ்வோராண்டும் அவ்வாறு தோன்றுவதே அதன் கொடுமை. அரிசோனாவின் அரசியற் சட்டத்தில், பொதுப்பணத்தைத் தனியார்க்கு நன்கொடையாக ஈதல் கூடாதென ஒரு விதி உண்டு. 2011-இல் நகரசபை 10 கோடி டாலர் கடன்பத்திரம் விற்றுப் புதிய உடையவர் ஒருவர்க்கு உதவ முயன்றபோது, கோல்ட்வாட்டர் நிலையத்தார் அவ்விதியைக் காட்டி வழக்கிடுவதாக முன்னெச்சரித்தனர். அம்முயற்சி கைகூடவில்லை.

2013-இல் வேறு உடையவருடன் 15 ஆண்டு ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஆண்டுக்கு 1½ கோடி டாலர். நகரசபையில் நால்வர் ஆம் என, மூவர் அன்று என்றனர். இரண்டாண்டு கழியுமுன் அதே சபை அவ்வொப்பந்தத்தை நீக்கத் தீர்மானித்தது. நகரத்தின் வழக்கறிஞராயிருந்த ஒருவர் பின்னர்க் குழுவினிடம் பணியமர்ந்தது மாநிலச் சட்டத்திற்கு மாறானதென்பது சபை காட்டிய காரணம். காரணம் அதுவாயினும் கருத்து வேறென்பதை எவரும் அறிவர். குறைந்த தொகைக்குக் குறுகிய உடன்படிக்கை ஏற்பட்டது. 2021 ஆகஸ்டில், அடுத்த பருவத்தோடு அரங்கைக் காலிசெய்க என நகரம் அறிவித்தது. ஊரை விட்டுக் குழு போகும் என்று அஞ்சிய காலம் போய், குழுவை ஊரே போகச் சொல்லிய விந்தை இது.

அப்பால் குழு புகுந்த இடம் டெம்பி நகரில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 5,000 பேர் கொள்ளும் மாணவர் அரங்கம். ஏனைய தொழிற்குழுக்கள் அதனினும் மும்மடங்கு பெரிய அரங்குகளில் ஆடின. கல்லூரி மாணவராகிய எமக்கு இச்செய்தி சிறிது உவகை தந்தது என்பதை மறைப்பானேன்? டெம்பியில் குப்பை கொட்டிய 46 ஏக்கர் நகர நிலத்தைத் தூய்மை செய்து, அரங்கும் வீடுகளும் கடைகளுமாக 210 கோடி டாலர் மதிப்பில் எழுப்புவோம் எனக் குழுவினர் திட்டம் வகுத்தனர். பெரும்பகுதி தம் பணமே என்றனர். மறுத்தோர் நெடுங்கால வரிச்சலுகையைச் சுட்டினர். பீனிக்ஸ் விமான நிலையத்தாரோ விமானம் பறக்கும் வழியின்கீழ் வீடுகள் கட்டலாகாதென்றனர். இம்முறை முடிவு சபையோடு நிற்கவில்லை. 2023 மே 16-இல் மக்களிடமே மூன்று வினாக்கள் வைக்கப்பட்டன. மூன்றினையும் மக்கள் மறுத்தனர். கிளெண்டேலின் இருபதாண்டு அனுபவத்தை அண்டை நகரத்தார் பார்த்திருந்தனர் என்பதை மறத்தலாகாது.

2024 ஏப்ரலில் குழுவின் ஆட்டக்காரரும் பணியாளரும் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகருக்குப் பெயர்ந்தனர். விலை 120 கோடி டாலர். 2009-இல் 14 கோடிக்கு மன்றத்தில் விலைபோன குழு, ஆண்டுதோறும் நட்டம் நட்டம் என்று முறையிட்ட குழு, 15 ஆண்டில் எட்டு மடங்கிற்கு மேல் மதிப்புற்றது. நகரம் கணக்குப் பார்த்தது ஆண்டு வரவு செலவை. உடையவர்க்கு ஊதியம் கிடைத்ததோ குழுவின் விலையேற்றத்தில். நட்டத்திற் பங்குகொண்ட கிளெண்டேல் மக்கட்கு இவ்விலையேற்றத்தில் ஒரு காசும் இல்லை. ஒப்பந்தத்தில் எவரும் அதனைக் கேட்டெழுதவில்லை.

பொருளியலறிஞர் இவ்வகை அரங்குகளைப் பெரிதும் ஏற்பதில்லை. ஹாக்கிக்குச் செலவிடும் குடும்பம் அப்பணத்தை வேறு கேளிக்கையிலோ உணவகத்திலோ செலவிட்டிருக்கும். ஊர்க்குப் புதுப்பணம் சிறிதே என்பர். இது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் வின்னிபெக் மக்கள் 15 ஆண்டு குழுவின்றி இருந்து, 2011-இல் அட்லாண்டாவின் குழு தம்மூர்க்கு வந்தபோது 13,000 பருவச் சீட்டுகளைச் சில நாளில் வாங்கித் தீர்த்தனரே, அதனை எக்கணக்கில் எழுதுவது? அன்பிற்கும் ஒரு விலையுண்டு. அதனைத் தருவதா என்பதை அன்பு செய்வோரே முடிவு செய்யின் பிழையில்லை. அட்லாண்டாவில் அதே நாளில் குழுவை இழந்த சிறுவரையும் இங்கே நினைத்தல் தகும்.

கிளெண்டேல் அரங்கம் இடிக்கப்படவில்லை. இசைநிகழ்ச்சிகள் இன்றும் நடக்கின்றன. யூட்டா சென்ற குழு 2025 முதல் மம்மத் எனப் பெயர் பூண்டுள்ளது. சால்ட் லேக் நகரில் அஃது ஆடும் டெல்டா சென்டரும் கூடைப்பந்துக்கென எழுந்ததே. முதற்பருவத்தில் களம் முழுதும் தெரியும் இருக்கைகள் 11,000 அளவிலேயே இருந்தன. அதனைத் திருத்தியமைத்துச் சுற்றுப்புறத்தையும் புதுக்குதற்கு 90 கோடி டாலர் வரை திரட்ட, விற்பனை வரியில் நூற்றுக்கு அரை உயர்த்த 2024 அக்டோபரில் நகரசபை இசைந்தது. மக்கள் வாக்குக் கேட்கப்படவில்லை. அவ்வரி 2025 ஜனவரி முதல் தண்டப்பட்டு வருகின்றது.