பழைய ஜிப்சியா, புது ஆல்ட்டோவா? மலையில் ஓட்டப்போகும் பிள்ளைகளுக்கு

வால்பாறைப் பக்கம் எஸ்டேட் வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்பது இதுதான். பழைய மாருதி ஜிப்சி ஒன்று விலைக்கு வருகிறது. கொஞ்சம் சேர்த்துப் போட்டால் ஆல்ட்டோ கிடைக்கும். எதை எடுப்பது?

1. முதலில் உங்கள் பாதையைப் பாருங்கள் தம்பி. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் தார் ரோடு. ஆல்ட்டோ தாராளமாக ஏறும். தார் முடிந்து மண்ணும் உருட்டுக்கல்லும் தொடங்கும் இடத்தில்தான் ஜிப்சிக்கு வேலை. வீட்டு வாசல் வரை தார் இருந்தால் ஜிப்சி வேண்டாம் என்பேன்.

2. நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பது ஏறுவதற்கு. வண்டியை நிறுத்த அதை நம்பக் கூடாது. மழையில் நனைந்த தாரில் பிரேக்கை அழுத்தினால் ஜிப்சியும் வழுக்கும். உயரமான, ஒடுங்கிய வண்டி. வளைவில் வேகமாகத் திருப்பினால் சாயும். 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாது, பிரேக் பிடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பலாம். பழைய ஜிப்சியில் அது கிடையாது, ஏர்பேக்கும் இல்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தினமும் இறங்குகிறவருக்கு நான் ஆல்ட்டோவைத்தான் சொல்வேன்.

3. எந்த வண்டியானாலும், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவது அதைவிட மோசம். பிரேக்குக்குக் கிடைக்கும் துணை போய்விடும், மிதி கல்லாக இறுகும். காலை எடுக்காமல் பிரேக்கிலேயே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தீய்ந்த வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். செங்குத்தான மண் இறக்கம் தொடங்கும் முன்பே ஜிப்சியை நிறுத்தி, ஃபோர் வீல் 'லோ' போட்டு இறக்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அந்த வண்டியின் உண்மையான அருமை அங்கேதான் தெரியும்.

4. காய்ந்த தாரில் ஃபோர் வீல் போடாதீர்கள். வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். ஜிப்சியில் இரண்டையும் இறுகப் பூட்டிவிடுவதால் அந்த வித்தியாசம் பல்சக்கரங்களை முறுக்கும்.

5. ஆல்ட்டோவை முன்சக்கரங்கள்தான் இழுக்கின்றன. ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய, முன்பக்கம் லேசாகி மண்ணில் சுற்றும். பின்சீட்டுக்காரர்களை இறக்கிவிடுங்கள். அப்படியும் ஏறாவிட்டால், இடமும் வழிகாட்ட ஆளும் இருந்தால், ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். பாரம் இழுக்கும் சக்கரத்தின் மேல் வந்துவிடும். வயிறு தரையிலிருந்து 160 மில்லிமீட்டர்தான், ஜிப்சிக்கு 210. பாதை நடுவே கல் துருத்தி நின்றால் ஒரு பக்கச் சக்கரத்தை நிதானமாக அதன் மேலேயே ஏற்றுங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே விட்டால் ஆயில் சம்ப் உடையும்.

6. பழைய ஜிப்சி வாங்கினால் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். சின்னக்கல்லாறு போலக் கனமழை கொட்டும் ஊரில் கிடந்த வண்டி அடியிலிருந்து துருப்பிடிக்கும். பட்டறையில் தூக்கச் சொல்லி, சேஸிஸை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். 15 வருடம் கடந்திருந்தால் எஃப்.சி. எடுத்து ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகே முன்பணம்.

7. ஒடுங்கிய இடத்தில் எதிரே வண்டி ஏறி வந்தால், இறங்குகிற நீங்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஜிப்சிக்காரருக்கும் அதுதான் விதி.