பொம்மையைக் காட்டுமுன் விண்ணப்பம்

கேள்வி: மரத்தில் ஒரு புதுவகைப் பொம்மை செய்திருக்கிறேன். இழுத்தால் உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் அதன் கை கால்களை ஆட்டும். ஒரு தயாரிப்பு நிறுவனத்திடம் காட்ட விரும்புகிறேன். என் யோசனையை அவர்கள் எடுத்துக்கொண்டால் வழக்குப் போட முடியுமா?

பதில்: வெறும் யோசனையை வைத்துக்கொண்டு வழக்கில் வெல்வது மிகக் கடினம். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்படும் வடிவத்துக்கே உண்டு என்று 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2008-இல் ஸ்கிராபிள் விளையாட்டை இணையத்தில் நகலெடுத்தவர்கள்மீது மேட்டல் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பலகையின் பதிப்புரிமையைக் காட்டிக் கேட்ட இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. பெயருக்கு, அதாவது வணிகக் குறிக்கு மட்டுமே கிடைத்தது. ஆகவே உங்கள் பொம்மையில் எந்தப் பகுதிக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பல்சக்கர அமைப்பு புதியது, அத்துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாதது என்றால் 20 ஆண்டு காப்புரிமை கோரலாம். விளையாடும் முறைக்கு மட்டும் அது கிடையாது. கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிந்தால் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு.

‘வரைந்த அன்றே பதிப்புரிமை தானாக வந்துவிடுமே, பதிவு எதற்கு?’ என்று பலர் கேட்கிறார்கள். வரைபடத்துக்கு வருவது உண்மைதான். ஆனால் பதியத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதியாமல் விட்டு, அந்தப் பொருளைத் தொழில்முறை உற்பத்தியில் 50 முறைக்கு மேல் செய்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி வடிவமைப்பின் மீதான பதிப்புரிமை அற்றுப்போகும். பொம்மைத் தொழிலில் 50 என்பது முதல் வாரத்திலேயே தாண்டிவிடும் எண்ணிக்கை. விற்கத் தொடங்கிய பிறகு பதியலாம் என்றால் அந்தக் கதவும் மூடிவிடும். முன்பே வெளியான வடிவமைப்பைப் பதிய முடியாது. காப்புரிமைக்கும் புதுமை அவசியம் என்பதால், கண்காட்சி மேசையும் சமூக ஊடகப் படமும் உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

செலவை எண்ணித் தயங்க வேண்டாம். தனிநபர் வடிவமைப்பு விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் 1,000 ரூபாய்தான். வழக்கறிஞர் கட்டணம் தனி. காப்புரிமைக்கு இப்போது தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து, 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் இரண்டு விண்ணப்பங்களையும் கொடுக்க முடியும். இரகசியக் காப்பு ஒப்பந்தம் போதாதா என்றால், அது கையெழுத்திட்டவரைத்தான் கட்டுப்படுத்தும். அவரிடமிருந்து கேட்டறிந்த மூன்றாமவரைப் பிடிப்பது பெரும்பாடு. ஆனாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் கையெழுத்திட மறுத்தால், விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை சந்திப்பைத் தள்ளிப்போடுங்கள். அதன்பின்னும் பல்சக்கரப் பெட்டியைத் திறந்து காட்டாதீர்கள்.