இரு மாத்திரைகள் சேரும்போது

“அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்பது முதுமொழி. சர்க்கரை நோய்க்கு உண்ணும் மருந்துக்கும் இது பொருந்தும். சர்க்கரை ஏறுவதற்கு அஞ்சும் நாம், அது இறங்குவதைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை.

தாழ்சர்க்கரை என்பது யாது?

100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லி கிராமுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, கடும்பசி ஆகியவை முதல் அறிகுறிகள். மூளைக்குக் குளுக்கோஸே முதன்மை எரிபொருள். ஆதலால் மேலும் குறைந்தால் பேச்சு குழறும். வலிப்பும் நினைவிழப்பும் நேரலாம்.

மருந்துகள் வேலை செய்யும் விதம்

மெட்பார்மின், கல்லீரல் வெளிவிடும் குளுக்கோஸைக் குறைக்கிறது. தனியே உண்டால் அது தாழ்சர்க்கரையை உண்டாக்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சல்போனைல்யூரியா மருந்துகளோ, கணையத்தின் பீட்டா செல்களில் பொட்டாசியம் வாயில்களை மூடி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. நாம் உண்டோமா, பட்டினியா என்று அவை பார்ப்பதில்லை. 1942-இல் பிரான்சின் மான்பெல்லியே நகரில், டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு சல்பா மருந்து கொடுத்தபோது சர்க்கரை இறங்கியதை ழான்போன் என்ற மருத்துவர் கண்டார். இம்மருந்துக் குடும்பத்துக்கு வித்திட்டது அதுவே. இவற்றோடு இன்சுலின் ஊசியும் சேர்ந்தால் ஆபத்து மிகும். முதியோருக்கும் சிறுநீரகம் பழுதுற்றோருக்கும் இன்னும் மிகும்.

எங்கள் ஊரில்

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே அனந்தபுரத்தில் எங்கள் தெருவாரின் மாத்திரை அட்டைகளைப் படித்துச் சொல்வதும் என் வேலை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஏழைகளுக்கு இது பெரும் உதவி. ஆயினும் சிலர் வெளியிலும் வாங்கி, இரண்டையும் சேர்த்து உண்கின்றனர். பக்கத்து வீட்டு ஆயாவிடம் இரண்டு அட்டைகள் இருந்தன. பெரிய எழுத்தில் பெயர்கள் வேறு. சிறிய எழுத்தில் இரண்டிலும் கிளிமிபிரைடு! அமாவாசைக்கு விரதமிருந்து மேல்மலையனூர் செல்பவர் அவர். இரண்டையும் விழுங்கி வெறும் வயிற்றோடு பஸ் ஏறினால் என்னவாகும்? இரு அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டச் செய்தேன். அவர் ஒன்றை நிறுத்தினார்.

செய்ய வேண்டுவன

அறிகுறி தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் தரலாம். பின் உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. 108-ஐ அழைக்க வேண்டும். சல்போனைல்யூரியாவால் இறங்கிய சர்க்கரை ஏறிய பின்னும் மீண்டும் இறங்கக்கூடும். ஆதலால் மருத்துவரைக் காண்பது அவசியம். தாமாக மருந்தை நிறுத்துவதும் தவறே.

நண்பர்களே! இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு மாத்திரை அட்டைகளின் சிறிய எழுத்தை ஒருமுறை படியுங்கள். நாம் கற்ற கல்வி முதலில் பயன்பட வேண்டிய இடம் அதுவே.