இருளை ஊடுருவும் கண்கள்

நுழையும்முன்
போர்க்களத்தில் இருள் நெடுங்காலம் ஓர் அரணாக விளங்கியது. அவ்வரணை அறிவியல் தகர்த்த வகையையும் அதனால் எழுந்துள்ள பொறுப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திண்டுக்கல் சமவெளியில் தனித்து எழுந்து நிற்கிறது மலைக்கோட்டை. 1755ஆம் ஆண்டு இவ்வூரின் பௌஜ்தாராகப் பொறுப்பேற்ற ஐதர் அலி, பிரெஞ்சுக்காரர் துணையுடன் இங்குப் படைக்கலச் சாலை அமைத்தார். கோட்டைக் காவலர் பகலில் நெடுந்தொலைவு காண இயலும். நிலவற்ற இரவிலோ கண்ணைவிடச் செவியே துணை.

கண்ணுக்குப் புலனாகாக் கதிர்
1800ஆம் ஆண்டு வில்லியம் எர்ஷல், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, நிறங்களின் வெப்பத்தை அளந்தார். சிவப்புக்கு அப்பால், ஒளி தெரியாத இடத்திலும் வெப்பமானி உயர்ந்தது. அதற்குக் காரணமானதே அகச்சிவப்புக் கதிர்.

1945இல் ஒகினாவாப் போரில் அமெரிக்க வீரர்கள் அகச்சிவப்பு விளக்குப் பொருத்திய துப்பாக்கிகளைப் பயன்படுத்தினர். எதிரியிடமும் அத்தகைய கருவி இருப்பின், அவ்விளக்கே வீரரைக் காட்டிக்கொடுத்துவிடும். பின்னர் வந்த வெப்பப் படிமக் கருவிக்கு விளக்கு தேவையில்லை. ஒவ்வொரு பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ப உமிழும் கதிரையே அது படமாக்குகிறது. சாதாரணக் கண்ணாடி அக்கதிரைத் தடுப்பதால், இக்கருவியின் வில்லைகள் பெரும்பாலும் ஜெர்மானியத்தால் செய்யப்படுகின்றன.

நிலமும் கருவியும்
சுற்றுப்புறத்திற்கும் உடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடே படத்தைத் தெளிவாக்குகிறது. கோடைப்பகல் முழுதும் காய்ந்த திண்டுக்கல் பாறை, அந்தி சாய்ந்த பின்னும் வெப்பத்தை உமிழும். அதன்மீது அமர்ந்திருப்பவரைப் பிரித்தறிவது கடினம். பனி சூழ்ந்த மலையிலோ மனித உடல் பளிச்செனத் தெரியும்.

1999ஆம் ஆண்டு கார்கில் போரில் தோலோலிங், டைகர் மலை முதலிய சிகரங்களை இந்திய வீரர்கள் இரவில் ஏறி மீட்டனர். அன்று இரவுப் பார்வைக் கருவிகள் போதிய அளவில் இல்லை. மன உறுதியே அக்குறையை ஈடுசெய்தது. டேராடூனிலுள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இத்தகைய கருவிகளை உருவாக்கி வருகிறது. ஆவடியில் வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் பீரங்கி வண்டியிலும் வெப்பப் படிமக் குறிபார்வை இடம்பெற்றுள்ளது.

கருவி காணாதது
இக்கருவி வெப்பத்தைக் காட்டும், மனத்தைக் காட்டாது. படைவீரரும், இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்லும் உழவரும் திரையில் ஒரே வெண்ணிற உருவங்களே. அவர்களை வேறுபடுத்தி அறிந்த பின்னரே விசையை அழுத்த வேண்டும். அப்பொறுப்பு என்றும் மனிதருடையதே.

கற்பவை கற்றபின்
இருளில் உதவும் இக்கருவிகளை மீட்புப் பணிக்கும் வனவிலங்குப் பாதுகாப்பிற்கும் பயன்படுத்துவது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.